கல்லுக்குக் கீழே ஆறு விரல்

காணும் பொங்கலன்று காலை, ராமமூர்த்தி வெளுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். "கெங்கா, கெளம்பு. வேலூர்ல ஆத்தோரம் புதுசா தொறந்தாங்களே பார்க்கு, அதுக்குப் போய்ட்டு வர்லாம்" என்றார். கெங்கம்மாள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

அவள் சந்தேகப்பட்டதில் தப்பே கிடையாது. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் மனிதர் அவளைக் கூட்டிக்கொண்டு போன இடங்கள் மொத்தமே மூன்று: சொந்தக்காரர் கல்யாணம், சொந்தக்காரர் சாவு, வேலூர் ஆஸ்பத்திரி. காணும் பொங்கலுக்கு ஊரே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பினாலும் அவர் கறிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிக்கு நேர் கீழே பாயைப் போட்டுக் குறட்டை விடுவார். அந்த ஆள் இன்றைக்குக் குளித்து, தலை வாரி, பஸ் எத்தனை மணிக்கு என்றுகூட விசாரித்து வைத்திருந்தார்.

"இன்னா விஷயம்? யார்னா செத்துட்டாங்களா?"

"செத்தாத்தான் உன்னக் கூட்டினு போவணுமா? சும்மா வாயேன்."

அவர் 'சும்மா' என்று சொன்ன விதத்திலேயே அது சும்மா இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மயில் நிறப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். வலிய வந்து கூப்பிடுகிற மகராசனை ஏன் விரட்ட வேண்டும்?

கெங்கம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் இருபத்து நான்கு வருஷமாகச் செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து முடித்த ஷூ ஒவ்வொன்றாக அவள் முன்னால் வரும். வெளிப்பக்கத்தைக் கண்ணால் பார்க்க நான்கு பேர் இருக்கிறார்கள். கெங்கம்மாளின் வேலை உள்பக்கம். ஷூவுக்குள் கையை விட்டு நுனி வரை ஒரு தடவு தடவ வேண்டும். பசை கட்டி நிற்கிறதா, நூல் முடிச்சு உறுத்துகிறதா, உள்தோல் மடிந்திருக்கிறதா, எல்லாவற்றையும் விரல்தான் சொல்ல வேண்டும். அங்கே கண் போகாது. ஒரு நாளைக்கு அறுநூறு ஜோடி. சூப்பர்வைசர் சூரியபிரகாஷ் இன்ஜினியரிங் படித்தவன், எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டான். அவனே, "கெங்கம்மாக்கா கை சொன்னா சரிதான், பேக் பண்ணிடுங்க" என்பான். எங்கேயோ கடல் தாண்டிக் குளிர் தேசத்தில் யாரோ ஒருவர் உறுத்தாமல் நடக்கிறார் என்றால் அதில் கெங்கம்மாளின் நடுவிரலுக்கும் பங்கு உண்டு.

கம்பெனியில் இவ்வளவு மரியாதை பெற்ற அந்தக் கைக்கு, வீட்டில் மட்டும் முப்பத்திரண்டு வருஷமாகப் பொய்க் கை என்று பெயர்.

அந்தக் கதை அவள் கல்யாணமான மூன்றாம் மாசம் நடந்தது. புருஷன் வீட்டுக் கொல்லையில், கிணற்றடியில், துவைக்கிற கல் ஒன்று கிடந்தது. ஆள் படுக்கலாம் போல நீளம், ஒரு முழத்துக்கு மேல் அகலம். மாமனாரின் தாத்தா காலத்துக்கும் முந்தி அது அங்கேயே கிடந்ததாகச் சொல்வார்கள். துவைத்துத் துவைத்து நடுவில் வழவழவென்று பள்ளம் விழுந்திருந்தது. மேல் மூலையில் சோப்பு வைப்பதற்கு அளவெடுத்தது போல ஒரு குழி. ஒரு நாள் துவைத்துக்கொண்டிருந்தபோது அவள் கால் மெட்டி கழன்று உருண்டு, கல்லின் கால்மாட்டுப் பக்கம் போய் விழுந்தது. அங்கே தண்ணீர் ஓடி ஓடி மண் அரித்து, கை நுழையும் அளவுக்குப் பொந்து இருந்தது. முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். மெட்டி கிடைத்தது. கையை எடுக்கும்போது புறங்கையில் எதுவோ தட்டியது. கையைத் திருப்பி, கல்லின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள்.

விரல்கள். காலின் விரல்கள். வரிசையாக, வழுவழுப்பாக, நகத்தோடு. எண்ணிப் பார்த்தாள். ஆறு.

ஈரப் புடவையோடு உள்ளே ஓடிப் போய், "கல்லுக்குக் கீழ ஒரு காலு கீது! ஆறு விரலு!" என்று அவள் சொன்னதும், வீடு மொத்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நாத்தனார் முத்துமாரி அன்றைக்கே "ஆறுவிரல் அண்ணி" என்று பெயர் வைத்துவிட்டாள். பொங்கல், தீபாவளி, பிள்ளைக்கு மொட்டை, எதற்கு வந்தாலும் அந்தப் பெயர் வந்து நிற்கும். அவள் குழம்பில் உப்புப் பார்த்துச் சொன்னால்கூட, "ஆறு விரலு வச்சுப் பாத்தியா அண்ணி?" என்பார்கள். "திருப்பித்தான் பாருங்களேன்" என்று புதுப்பெண் கெஞ்சிய கெஞ்சலுக்கு மாமனார், "அதத் திருப்ப நாலு ஆளு வேணும்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

சிரித்தவர்களில் ராமமூர்த்தியும் ஒருவர் என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. அவர் தோல் கம்பெனியில் செலக்டர். வருகிற தோலைத் தரம் பிரிக்கிறவர். "மேல்பக்கம் பளபளன்னு சிரிக்கும். அடிப்பக்கம்தான் உண்மையச் சொல்லும். திருப்பிப் பாக்காம தரம் சொல்றவன் செலக்டரே இல்ல" என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிற ஆள். ஆயுசில் எத்தனையோ லட்சம் தோலைத் திருப்பியிருப்பார். அந்த ஒரு கல்லை மட்டும் திருப்பவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பெங்களூர் ரோட்டை அகலமாக்க வந்தவர்கள் கொல்லையை எடுத்துக்கொண்டார்கள். கல்லை ஜேசிபி அள்ளிக்கொண்டு ஆற்றோரம் கொட்டப் போன நாளில் கெங்கம்மாளுக்கு ஷிப்ட். லீவு கேட்டாள், ஆர்டர் அவசரம் என்று கொடுக்கவில்லை. ராமமூர்த்தி வீட்டில் இருந்தார். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள் பையைக்கூட வைக்காமல் அவரைக் கேட்டாள்: "கல்லத் தூக்குனாங்களே, அடியில இன்னா இருந்துச்சு?"

"மண்ணு" என்றார் ராமமூர்த்தி.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அறுநூறு ஜோடி ஷூவில் ஒரு முடிச்சைத் தவறவிடாத கை, அன்றைக்கு மட்டும் எப்படி ஏமாந்தது என்று சில நாள் தூங்காமல் கிடந்து யோசித்திருக்கிறாள்.

பஸ்ஸில் ஆம்பூர், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் வேலூர், அப்புறம் ஷேர் ஆட்டோ. பூங்கா வாசலில் திருவிழாக் கூட்டம். கரும்பும் பஞ்சுமிட்டாயும் பிரியாணிப் பொட்டலமுமாக ஜனங்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் கெங்கம்மாள் முதலில் பார்த்தது ஆற்றைத்தான். அவளுக்குத் தெரிந்த பாலாறு மணலும் முள்ளும் லாரித் தடமும். இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்தது. அக்கரை வரை இல்லை என்றாலும், நான்கு கால்வாயாகப் பிரிந்து தண்ணீர் நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது. வெயில் பட்டு மினுங்கியது. கொக்குகள்கூட வந்திருந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் வாயைத் திறந்தபடி நின்றாள். ஐம்பது வருஷமாகப் பாலாற்றுக்குப் பக்கத்திலேயே குடியிருந்துவிட்டு, இப்போதுதான் முதன்முறையாக ஆற்றைப் பார்ப்பது போல இருந்தது.

"இதக் காட்டத்தான் கூட்டினு வந்தீங்களா?"

"இது இல்ல. வா."

வேலூர்க் கோட்டையை இடுப்பு உயரத்துக்குச் செய்து, சுற்றிலும் அகழி வெட்டித் தண்ணீர் விட்டிருந்தார்கள். அகழியில் குழந்தைகள் காகிதக் கப்பல் விட்டன. அதைத் தாண்டி, அந்தக் காலத்துத் தோல் பதனிடுகிற மர உருளை ஒன்று, அறை அளவுக்கு, வர்ணம் அடித்து நிறுத்தப்பட்டிருந்தது. ஜனங்கள் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ராமமூர்த்தி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினம் பார்க்கிற சாமான். கடைசியில் வேப்ப மரங்களுக்கு அடியில், ஏழு கற்கள் வரிசையாக நட்டு வைக்கப்பட்டிருந்த இடத்துக்கு வந்துதான் அவர் நடையை நிறுத்தினார்.

நடுகற்கள் என்று பலகையில் போட்டிருந்தது. போரில் இறந்தவர்களுக்காக எழுப்பியவை. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தியவை. இந்த வட்டாரத்து வயல்களிலும் ஆற்றங்கரையிலும் கிடைத்தவை. கெங்கம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு முதல் கல்லைப் பார்த்தாள். வாளோடு ஒருவன். இரண்டாவது கல்லில் குதிரை மேல் ஒருவன். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆயிரத்து இருநூறு வருஷமாக இவர்கள் இப்படியே வாளை ஓங்கிக்கொண்டு நிற்கிறார்கள், நாம் ரேஷன் கடைக்கும் கம்பெனிக்கும் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். கை தன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ஆறாவது கல்லாண்ட வா" என்றார் ராமமூர்த்தி. "முன்னால பாக்காத. பின்னால போய்ப் பாரு."

"பின்னால இன்னா இருக்குது?"

"போயேன்."

பின்பக்கம் யாரும் போவதில்லை. வேப்பஞ்சருகும் ஒரு காலிப் பாட்டிலும் கிடந்தன. கெங்கம்மாள் கல்லின் முதுகைப் பார்த்தாள். நடுவில் வழவழவென்று பள்ளம். மேல் மூலையில், சோப்பு வைக்க அளவெடுத்தது போல ஒரு குழி.

இருபது வருஷம் தினமும் காலையில் முகத்துக்கு நேராகப் பார்த்த கல். அவள் பிள்ளையின் மூத்திரத் துணியும், மாமியாரின் கடைசிக் காலத்துத் துணியும் அடித்துத் துவைத்த கல். இங்கே நெட்டுக்குத்தாக நிற்கிறது.

"நம்ம கல்லு" என்றாள்.

ராமமூர்த்தி தலையை ஆட்டினார்.

அவள் ஓடாத குறையாக முன்பக்கம் வந்தாள். வில்லைப் பிடித்த இடது கை. குத்துவாளைப் பிடித்த வலது கை. முடிச்சுப் போட்ட கொண்டை. மார்பிலும் தொடையிலும் தைத்த அம்புகள். அத்தனை அம்புக்கும் முகத்தில் வலி இல்லை, கோபமும் இல்லை. தலைக்கு மேலே இரண்டு வரி பழைய எழுத்து. கீழே பலகையில் அதன் அர்த்தம் போட்டிருந்தது: கொள்ளை போன மாட்டு மந்தையை மீட்டு இறந்த வீரன்.

"மாட்டுக்காகச் செத்தவனாமே" என்று முணுமுணுத்தாள். மாட்டுத் தோலில் சோறு தின்கிற வீட்டின் கொல்லையில், இத்தனை தலைமுறையாக முகத்தை மண்ணில் அழுத்திக்கொண்டு இவன் கிடந்திருக்கிறான். அவன் முதுகு மேல் அவள் துணி துவைத்திருக்கிறாள். அவளுக்கு அழுகையும் பயமும் பெருமையும் ஒன்றாக வந்தன. எது முதலில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு அவள் கண் கீழே இறங்கியது. முட்டி தெரிந்தது. ஆடுசதை தெரிந்தது. அதற்குக் கீழே செம்மண்ணைக் குவித்துப் பூச்செடி வைத்திருந்தார்கள். பாதம் மண்ணுக்குள் இருந்தது.

கெங்கம்மாள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டினாள். விசில் சத்தம் காதைப் பிளந்தது.

"யம்மா! யம்மா! கல்லத் தொடக்கூடாதுமா!" நீலச் சட்டை போட்ட செக்யூரிட்டிப் பெண் வேகமாக வந்தாள். சட்டைப் பையில் அஃப்ஸர் ஜஹான் என்று பெயர் குத்தியிருந்தது. "காலைலேர்ந்து பேஜாரா இருக்குது உங்களோட. ஒருத்தர் குங்குமம் வெக்கிறாங்க, ஒருத்தர் குழந்தைய ஏத்தி உக்கார வெக்கிறாங்க. போர்டு போட்ருக்குது பாருங்க."

"இது எங்க வூட்டுக் கல்லும்மா."

"எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க."

"பின்னால சோப்புக் குழி இருக்குது, போய்ப் பாரு."

அஃப்ஸர் ஜஹான் சந்தேகத்தோடு பின்னால் போனாள். திரும்பி வந்தபோது விசிலை வாயிலிருந்து எடுத்திருந்தாள். தினமும் எட்டு மணி நேரம் இந்தக் கற்களைக் காவல் காக்கிறவள், ஒரு நாளும் பின்பக்கம் போய்ப் பார்த்ததில்லையாம். கெங்கம்மாள் மெட்டி விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு விரல் என்ற இடத்தில் மற்றவர்களைப் போல இவளும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"ஆறா? நல்லா எண்ணீங்களா?"

"என் வேலையே கையில எண்றதுதாம்மா."

அஃப்ஸர் ஜஹான் பலகையை ஒரு முறை படித்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். "கல்லத் தொடக்கூடாதுன்னுதான் போட்ருக்குது. மண்ணப் பத்தி ஒண்ணும் போடல" என்றாள். "செடிய மட்டும் ஒடச்சிடாதீங்க. தோட்டக்காரர் ஜாஸ்தி கத்துவார்."

கெங்கம்மாள் கையை வைப்பதற்கு முன்னால் ராமமூர்த்தி மண்டியிட்டுவிட்டார். வெளுத்த வேட்டி செம்மண்ணில் புரள, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அள்ளிப் போட்டார். நான்கைந்து பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். ஒரு சாண் ஆழம் போனதும் கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். "நீ பாரு" என்றார்.

அவள் அஃப்ஸர் ஜஹானை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, ஆற்றில் கொக்கு எத்தனை என்று எண்ண ஆரம்பித்தாள்.

கெங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கும் கண்ணால் பார்க்கவில்லை, கைதான் பார்த்தது. ஈர மண்ணுக்குள் விரலை நுழைத்தாள். கட்டை விரல். அது அங்கேயே இருந்தது. பக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. சின்ன விரல், நகத்தோடு. அதற்கு அப்பால், கொஞ்சம் மேலே ஏறினாற்போல, உருண்டையாக, மெத்தென்று செதுக்கிய ஒன்று.

ஆறு.

கண்ணைத் திறந்தாள். முந்தானையால் மண்ணைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஐந்து விரல்தான் வீரனுடையது. ஆறாவது ஒரு நாயின் முன்னங்கால். கல்லின் ஓரத்தில், அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, ஒரு சின்ன நாய் உட்கார்ந்திருந்தது. அது தன் காலைத் தூக்கி அவன் பாதத்தின் மேல் வைத்திருந்தது.

கூடி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பஞ்சுமிட்டாய் தின்றுகொண்டிருந்த ஒரு குழந்தைகூடக் குனிந்து பார்த்தது. கெங்கம்மாளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. எவனோ ஒரு சிற்பி, மண் மூடப்போகிற அடிப்பாகம்தானே என்று விட்டுவிடாமல், நாய்க்குக்கூட நகம் செதுக்கியிருக்கிறான். ஊரார் மாட்டை மீட்டுவிட்டுச் சாகிறவனை அந்த நாய் ஆயிரத்து இருநூறு வருஷமாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடியின் மேல் இருட்டில் தன் கை பட்டதே என்று நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு விம்மியது.

"அன்னிக்கே பாத்தேன் கெங்கா" என்றார் ராமமூர்த்தி.

அவள் திரும்பினாள்.

"ஜேசிபி தூக்குனப்போ மண்ணு பாதி உதுந்துச்சு. காலு தெரிஞ்சுது. விரல எண்ணல. ஆனா காலுதான்னு தெரிஞ்சுது. இருவது வருஷம் சிரிச்சிட்டு, உன்னாண்ட வந்து எப்டிச் சொல்றது? அதான்..." கையிலிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போன மாசம் எங்க கம்பெனி கலீமுல்லா பாய் சொன்னாரு, ஆத்தோரம் கெடந்த கல்லெல்லாம் பார்க்குல வச்சிருக்காங்கன்னு. கம்பெனி வெள்ளிக்கிழமை லீவுல தனியா வந்து பாத்தேன். பின்பக்கத்தப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அப்பலேர்ந்து தூக்கமில்ல."

கெங்கம்மாளுக்குக் கோபம் சுறுசுறுவென்று ஏறியது. பன்னிரண்டு வருஷம் தன் கையைத் தானே நம்பாமல் இருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். முப்பத்திரண்டு வருஷமாக 'நீங்க' என்று கூப்பிட்ட வாயிலிருந்து, கூட்டத்தின் நடுவே, முதல் தடவையாக வேறு வார்த்தை வந்தது.

"அதான் மண்ணுன்னியா நீ?"

அவர் கையை வேட்டியில் துடைத்தார்.

"நாலு ஆளு வேணும்னாங்க. அன்னிக்கு வூட்ல அஞ்சு ஆம்பளைங்க இருந்தீங்க."

அஃப்ஸர் ஜஹான் மெதுவாக, "இனிமே இந்தக் கால மண்ணு போட்டு மூடக்கூடாதுன்னு நானே ஆபீஸ்ல சொல்றேன் மேடம்" என்றாள். கெங்கம்மாளை ஆயுசில் யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, முந்தானையை உதறிச் செருகினாள்.

"எண்ணு" என்றாள் புருஷனிடம்.

"நீதான் எண்ணிட்டியே."

"நான் அன்னிக்கே எண்ணிட்டேன். நீ எண்ணு."

ராமமூர்த்தி கையை நீட்டி, கல்லைத் தொடாமல் ஒவ்வொரு விரலுக்கு நேராகவும் காட்டி எண்ணினார். ஐந்து வரை வேகமாக வந்தது. நாயின் காலுக்கு நேராக வந்ததும் அவர் விரல் நின்றது. "ஆறு" என்றார், தனக்கு மட்டும் கேட்கிறாற்போல.

கெங்கம்மாள் அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"முத்துமாரிக்குப் போடு. ஸ்பீக்கர்ல போடு."

மணி இரண்டு முறை அடித்தது. "இன்னாண்ணா, நல்ல நாளும் அதுவுமா? ஆறுவிரல் அண்ணி எப்டிக்கீது?" என்ற குரல் வேப்ப மரத்தடி முழுக்கக் கேட்டது. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"இப்ப மொதல்லேர்ந்து எண்ணு" என்றாள் கெங்கம்மாள். "சத்தமா."

ராமமூர்த்தி போனைக் கல்லுக்குப் பக்கத்தில் மண்ணில் வைத்துவிட்டு, மறுபடியும் குனிந்து, ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.